ஒரே வீடு, ஒரே காய்ச்சல்: யாருக்கு அவசரம்?

வாசகியின் கடிதம்: "மேலூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். கணவர் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். வியாழக்கிழமை வேலைக்குப் போனவர் நடுங்கிக்கொண்டே திரும்பினார். 103 டிகிரி காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்டது போல வலி, வறட்டு இருமல். சனிக்கிழமை 4 வயது மகனுக்கு வந்தது. ஞாயிறு இரவு மாமனாருக்கு. அவருக்கு வயது 67, 12 வருடமாகச் சர்க்கரை நோய். ஏழு மாதக் கர்ப்பிணியான என் ஓரகத்திக்கு இன்னும் வரவில்லை. மெடிக்கல் கடையில் கணவருக்கு வாங்கிய செட் மாத்திரையில் பாதி மிச்சம் இருக்கிறது. போன வருடத்து அஸித்ரோமைசின் அட்டை ஒன்றும் இருக்கிறது. மாமனாருக்கு இவற்றைக் கொடுக்கலாமா? அவருக்கு 100 டிகிரிதான் காட்டுகிறது, அதனால் பயமில்லை என்று இருக்கிறோம். மழையில் நனைந்ததாலும் தயிர் சாப்பிட்டதாலும் வந்தது என்கிறார் மாமியார். வரும் ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு அழகர்கோவிலில் மகனுக்குக் காதுகுத்து. தள்ளிப்போட வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை காலை மின்னஞ்சலில் வந்தது. மாமனாரைப் பற்றிய வரியைப் படித்தவுடன், அவரையும் குழந்தையையும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டும்படி இரண்டு வரி பதில் அனுப்பினேன். காட்டிவிட்டீர்கள் என்று தெரிந்து நிம்மதி அடைந்தேன். மற்றவற்றை இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்த மழைக்காலத்தில் உங்கள் வீட்டைப் போல நூறு வீடுகள் இருக்கும்.

கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு இது ஃப்ளூதான் என்று அடித்துச் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதம் அதைத்தான் காட்டுகிறது. சாதாரண ஜலதோஷம் மெல்ல வரும்: முதல் நாள் தொண்டை கரகரப்பு, மறுநாள் மூக்கு ஒழுகல், காய்ச்சல் இருந்தாலும் லேசாக. ஃப்ளூ அப்படி வருவதில்லை. காலையில் நன்றாக வேலைக்குப் போன ஆள் மதியத்துக்குள் சுருண்டு படுத்துவிடுவார். குளிர், தலைவலி, கைகால் குடைச்சல், வறட்டு இருமல் எல்லாம் ஒன்றாக வந்து இறங்கும். ஒருவருக்கு வந்து இரண்டு நாளில் அடுத்தவருக்கு, அதற்கடுத்த நாள் இன்னொருவருக்கு என்று வரிசையாக விழுந்திருக்கிறார்களே, அதுவும் ஃப்ளூவின் கணக்குதான். கிருமி உள்ளே போனதிலிருந்து காய்ச்சல் அடிக்க 1 முதல் 4 நாள் ஆகும், பெரும்பாலும் 2 நாள்.

உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன். மழைக்கும் இந்தக் காய்ச்சலுக்கும் தொடர்பு உண்டு. வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில்தான் தமிழ்நாட்டில் ஃப்ளூ அதிகம் பரவுகிறது. ஆனால் நனைவதால் வைரஸ் உண்டாவதில்லை. மழை வந்தால் ஜன்னலைச் சாத்துகிறோம், பஸ்ஸில் கண்ணாடியை இறக்கிவிடுகிறோம், எல்லோரும் ஒரே கூரையின் கீழ் ஒடுங்குகிறோம். ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் இழுப்பதற்கு அதுவே போதும். தயிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. குழந்தை தயிர்சாதம்தான் சாப்பிடுவேன் என்றால் தாராளமாகக் கொடுங்கள். காய்ச்சலில் வயிற்றுக்குள் எது போனாலும் நல்லதுதான்.

உங்கள் கணவருக்கு எங்கே ஒட்டியிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. விடிவதற்கு முன்பே கூட்டம் நெரியும் மார்க்கெட் அது. மல்லிகைக்கு விலை சொல்லிக் கத்துபவர்கள், தோளோடு தோள் உரச நிற்பவர்கள். சத்தமாகப் பேசும்போது வாயிலிருந்து சிதறும் நுண்துளிகள் சாதாரணப் பேச்சில் வருவதைவிட அதிகம். இருமலும் தும்மலும் இருந்தால் கேட்கவே வேண்டாம். அந்தத் துளிகளை மூச்சில் இழுத்தாலும், அவை பட்ட கையால் மூக்கையோ கண்ணையோ தொட்டாலும் வைரஸ் உள்ளே போய்விடும். பிறகு மூக்கிலும் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களுக்குள் நுழைந்து, அவற்றை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்ளும். உடம்பு அதை எதிர்த்து எழும்போது சுரக்கும் பொருட்கள்தான் காய்ச்சலையும் குடைச்சலையும் தருகின்றன.

இதில் நம் கையை மீறிய ஒன்றும் இருக்கிறது. காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பே மூச்சில் வைரஸ் வெளிவரத் தொடங்கிவிடும். அதாவது, புதன்கிழமை இரவு எந்தத் தொந்தரவும் இல்லாமல் மகனை மடியில் வைத்துச் சோறு ஊட்டியபோதே உங்கள் கணவர் அதைக் கொடுத்திருக்கலாம். இதற்காக வீட்டில் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டாம்.

இனி உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்த வரிக்கு வருகிறேன். "மாமனாருக்கு 100 டிகிரிதான், அதனால் பயமில்லை." சகோதரி, இந்த நோயில் தெர்மாமீட்டரைப் பார்த்து அவசரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. காய்ச்சல் எவ்வளவு என்பதைவிட, யாருக்கு என்பதுதான் முதல் கேள்வி. உங்கள் கணவர் 103 டிகிரியில் நடுங்கினாலும் திடமான உடம்பு, பெரும்பாலும் ஒரு வாரத்தில் எழுந்துவிடுவார். வயதானவர்களின் உடம்பு அப்படிக் கொதித்து எதிர்க்காது. பலருக்கு லேசான சூடு, சாப்பாட்டில் வெறுப்பு, எழுந்து நடக்கத் தள்ளாட்டம், பேச்சில் கொஞ்சம் குழப்பம் என்பதோடு நின்றுவிடும். வீட்டில் உள்ளவர்கள் "வயசாகிவிட்டது, அசதியாக இருக்கிறார்" என்று விட்டுவிடுவார்கள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மூச்சு வாங்கும்போதுதான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். இத்தனை வருடத் தொழிலில் நான் அதிகம் வருந்தியது அப்படி வந்தவர்களுக்காகத்தான். காய்ச்சல் குறைவு என்ற தைரியத்தில் அவர்கள் இழந்துவிட்ட அந்த மூன்று நாட்களைத் திருப்பிக் கொடுக்க என்னிடம் மருந்து கிடையாது.

மத்திய சுகாதார அமைச்சகத்தின் ஃப்ளூ வழிகாட்டுதலும் இப்படித்தான் பிரிக்கிறது. லேசான காய்ச்சலும் இருமலுமாக உள்ள ஆரோக்கியமானவர் ஏ பிரிவு. வீட்டில் ஓய்வு போதும், பரிசோதனையோ வைரஸ் மருந்தோ தேவையில்லை. கடும் காய்ச்சலும் கடும் தொண்டை வலியும் உள்ளவர் பி பிரிவு. உங்கள் கணவர் இதில் வரலாம், மருந்து வேண்டுமா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தை, கர்ப்பிணி, 65 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, இதய நோய், நுரையீரல் நோய், சிறுநீரக நோய் உள்ளவர் ஆகியோருக்கு அறிகுறி லேசாக இருந்தாலும் அவர்களும் பி பிரிவுதான், ஒசல்டாமிவிர் என்ற வைரஸ் மருந்து தேவைப்படும். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, அரைமயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாவது ஆகியவை சி பிரிவு. உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியவர்கள் இவர்கள். உங்கள் மாமனாருக்கு வயதும் சர்க்கரையும் என்று இரண்டு காரணம் இருக்கிறது. உங்கள் மகனுக்கு வயது.

அன்றைக்கே போகச் சொன்னதன் காரணம், ஒசல்டாமிவிரின் பலன் நேரத்தைப் பொறுத்தது. வைரஸ் பெருகிக்கொண்டிருக்கும்போதுதான் அதைத் தடுக்க முடியும். காய்ச்சல் தொடங்கிய முதல் 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் நல்ல பலன். அதைத் தாண்டினாலும், நிலைமை மோசமாக இருப்பவர்களுக்கு டாக்டர்கள் தொடங்கவே செய்வார்கள். பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்கவும் தேவையில்லை. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை வரை போக முடியாவிட்டாலும், பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலோ உங்கள் ஊர் டாக்டரிடமோ தொடங்கலாம். கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும் மருந்து இல்லை இது.

இப்போது அந்த செட் மாத்திரை. காய்ச்சல் என்றவுடன் சின்னக் கவரில் நான்கைந்து மாத்திரை போட்டுத் தருவது நம் பக்கத்தில் நெடுங்காலப் பழக்கம். கூலி வேலையை விட்டுவிட்டு டாக்டருக்காகக் காத்திருக்க முடியாதவர்கள் அதைத்தான் நம்புகிறார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கவரின் மேல் பெயரும் இல்லை, அளவும் இல்லை. அதில் பாரசிட்டமால் இருக்கலாம். டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரை இருக்கலாம். சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும். ஸ்டீராய்டு சாப்பிட்ட அன்று ஆள் தெம்பாக எழுந்து உட்காருவார், மாத்திரை நன்றாகக் கேட்கிறது என்று எல்லோரும் நம்புவார்கள். உள்ளே வைரஸை எதிர்க்கும் சக்தி குறைந்துகொண்டிருக்கும். உங்கள் மாமனாருக்கு அது சர்க்கரையையும் எகிற வைக்கும். வலி மாத்திரையோ, தண்ணீர் குடிக்காமல் படுத்திருக்கும் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்குக் கெடுதல். இதே மழைக்காலத்தில் டெங்குவும் வருகிறது. டெங்குவில் அந்த வலி மாத்திரை ரத்தக் கசிவில் கொண்டுபோய் விடலாம். ஆகவே மிச்சம் இருக்கும் பாதி கவரைத் தயவுசெய்து யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

அஸித்ரோமைசின் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு ஓடும். டாக்டர் சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாத மருந்து என்பதற்கான அடையாளம் அது. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். ஃப்ளூவை உண்டாக்கும் இன்ஃப்ளூயன்சா வைரஸை அது தொடக்கூட முடியாது. தேவையில்லாமல் சாப்பிட்டால் வயிற்றுப்போக்கு வரலாம், நம் உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடும். மருந்து கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் அந்த 48 மணி நேரம் கழிந்துபோவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம்.

ஃப்ளூ வந்தவருக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படாது என்றும் எண்ணிவிடாதீர்கள். 1918இல் உலகப் போர் முடியும் தறுவாயில் ஃப்ளூ பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் வந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அந்தக் கொள்ளைநோயில் உலகெங்கும் மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது, வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் அடுத்ததாகக் குடியேறிய பாக்டீரியா நிமோனியா. அன்று ஆன்டிபயாட்டிக் கண்டுபிடிக்கப்பட்டிருக்கவில்லை. இன்று இருக்கிறது, அதற்குரிய இடமும் அதுதான். எனவே ஒன்றை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்: காய்ச்சல் விட்டு, ஆள் தேறி, ஓரிரண்டு நாள் கழித்து மறுபடி காய்ச்சலும் மஞ்சள் சளியும் மூச்சிரைப்பும் வந்தால், அது பழைய காய்ச்சலின் மிச்சம் என்று விட்டுவிடக் கூடாது. அன்றே போய்க் காட்ட வேண்டும்.

மாமனாரை எப்படிக் கவனிப்பது? வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறாரா, யார் எவர் என்பதில் குழம்புகிறாரா, எழுப்பினால் எழுகிறாரா, சிறுநீர் வழக்கம்போலப் போகிறதா என்று காலையும் மாலையும் பாருங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவி வீட்டில் கிடந்தால் அதைத் தேடி எடுத்து விரலில் மாட்டிப் பாருங்கள். 94க்குக் கீழே போனால் 108ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரையை நாளுக்கு இரண்டு மூன்று முறையாவது பார்ப்பது நல்லது, காய்ச்சலில் அது ஏறும். சாப்பிடவில்லையே என்று இன்சுலினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாத்திரைகளில் சிலவற்றை வாந்தியும் பட்டினியுமாக இருக்கும் நாட்களில் டாக்டர் நிறுத்தி வைக்கச் சொல்லலாம், அதற்காக அட்டைகள் அனைத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

குழந்தைக்கு மூச்சை எண்ணக் கற்றுக்கொள்ளுங்கள். தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். 1 முதல் 5 வயதுவரை, நிமிடத்துக்கு 40 அல்லது அதற்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, எதையும் குடிக்க மறுப்பது, வலிப்பு, எழுப்பியும் மந்தமாகக் கிடப்பது ஆகியவை இருந்தால் இரவு என்றும் பார்க்கக் கூடாது. பாரசிட்டமால் எடைக்கு ஏற்றபடி, கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேர இடைவெளி, நாளுக்கு 4 வேளைக்கு மேல் வேண்டாம். ஆஸ்பிரின் மட்டும் குழந்தைக்குக் கூடவே கூடாது. ஃப்ளூவின்போது அது மூளையையும் ஈரலையும் தாக்கும் ரை (Reye) நோய்க்குறி என்ற அரிதான, கொடிய விளைவைத் தரக்கூடும்.

சுக்கு, மிளகு, துளசி போட்ட கஷாயமும் மிளகு ரசமும் கஞ்சியும் தொண்டைக்கு இதம், உடம்புக்கு நீர். கொடுங்கள். ஆவி பிடிப்பது மட்டும் சிறுவனுக்கு வேண்டாம். போர்வைக்குள் கொதிநீர்ச் சட்டி கவிழ்ந்து வெந்துபோன குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

உங்கள் ஓரகத்தியைத் தாய்வீட்டுக்கு அனுப்பலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். இப்போது அனுப்பினால், ஒருவேளை ஏற்கெனவே ஒட்டியிருந்தால், அங்கே இருக்கும் பெரியவர்களுக்கும் போகும். அவளைக் காற்றோட்டமான தனி அறையில் தூங்க வையுங்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் வேலையை அவளுக்குக் கொடுக்காதீர்கள். அவளைப் பார்க்கும் பிரசவ டாக்டரிடம், வீட்டில் ஃப்ளூ என்று இன்றே சொல்லிவிடுங்கள். முன்கூட்டியே மருந்து கொடுப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். ஏழாம் மாதத்தில் வயிறு மேலே ஏறி நுரையீரலை நெருக்கிக்கொண்டிருக்கும், கர்ப்பிணிகளை இந்த நோய் கடுமையாகத் தாக்க அதுவும் ஒரு காரணம். 2009இல் ஊரெல்லாம் பன்றிக் காய்ச்சல் என்று பயந்தோமே, அந்த எச்1என்1 ஃப்ளூவில் நாங்கள் அதிகம் அஞ்சியது கர்ப்பிணிகளுக்காகத்தான். அவளுக்குத் தொண்டை கரகரத்தாலே போதும், அன்றே போக வேண்டும். ஒசல்டாமிவிர் மாத்திரை வயிற்றில் உள்ள குழந்தைக்கு ஆகாது என்று யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துதான் அது.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாக. இந்த வைரஸ் தன் மேல்தோலைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே இருப்பதால் ஆண்டுதோறும் புதிதாகப் போட வேண்டும். அரசின் வழக்கமான குழந்தைத் தடுப்பூசி வரிசையில் இது இல்லை, தனியாரிடம் செலவு ஆகும். எல்லோருக்கும் கட்டுப்படியாகாவிட்டால் மாமனாருக்கும் ஓரகத்திக்கும் முதலில் போடுங்கள். தாய்க்குப் போட்டால் பிறக்கும் குழந்தைக்கும் முதல் சில மாதங்கள் காப்பு கிடைக்கும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு இந்த ஊசியைப் போட முடியாது என்பதால் அந்தக் காப்பு பெரிய விஷயம். போட்ட பிறகு சக்தி உண்டாக இரண்டு வாரம் ஆகும். நம் ஊருக்கு ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன் போடுவது நல்லது. இந்த முறை வந்து போய்விட்டதே, இனி எதற்கு என்று இருக்க வேண்டாம். ஃப்ளூ வைரஸில் ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு.

உங்கள் கணவர் காய்ச்சல் மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் அடிக்காமல் இருந்தால் வேலைக்குப் போகலாம். ஒரு வாரம் ஆகும்வரை முகக்கவசம் போட்டுக்கொண்டு போகட்டும். இருமல் இரண்டு வாரம் இழுக்கலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். அதுவரை வீட்டில் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். துண்டும் டம்ளரும் அவரவருக்குத் தனி. மழை விட்டிருக்கும் பகலில் மாமனாரின் கட்டிலைத் திண்ணைக்குக் கொண்டுபோனால் அவருக்கும் நல்லது, வீட்டுக்கும் நல்லது.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அதில் கணவர் இருக்கிறார், மகன் இருக்கிறான், மாமனார், மாமியார், ஓரகத்தி எல்லோரும் இருக்கிறார்கள். உங்களைப் பற்றி ஒரு வரி இல்லை. மூன்று பேருக்கும் கஞ்சி வைத்து, நெற்றியைத் துடைத்து, இரவெல்லாம் விழித்திருப்பவர் நீங்கள்தான். அவர்கள் பக்கத்தில் போகும்போது முகக்கவசம் போடுங்கள், வந்தவுடன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இரவு முறையை உங்கள் கொழுந்தனோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்குக் குளிர் எடுத்தால், அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துவிடுங்கள்.

காதுகுத்தை இப்போதே ரத்து செய்ய வேண்டாம். அதற்கு முந்தைய புதன்கிழமை முடிவெடுங்கள். அதுவரையிலான ஐந்து நாளில் வீட்டில் யாருக்கும் புதிதாகக் காய்ச்சல் வராமல், மாமனாரும் தேறியிருந்தால் போய் வாருங்கள். வேனில் கண்ணாடிகளைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். மாமனார் கருப்பசாமி சன்னதியோடு நிற்கட்டும், நூபுர கங்கைக்கு மலையேற வேண்டாம். ஃப்ளூவிலிருந்து எழுந்த வயதானவருக்குப் பழைய தெம்பு திரும்ப வாரங்கள் ஆகும். குழந்தைக்கு அங்கே தீர்த்தமாடினால் மறுபடி காய்ச்சல் வந்துவிடுமோ என்று மாமியார் பயந்தால், தண்ணீரால் இது வருவதில்லை, துவட்டிவிட்டால் போதும் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். சொந்தங்களுக்குப் போன் செய்யும்போது, காய்ச்சல் இருமல் உள்ளவர்கள் மனத்தாங்கல் கொள்ளாமல் வீட்டிலிருந்தே வாழ்த்தும்படி கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணனிடமோ தம்பியிடமோ மட்டும் சனிக்கிழமை இரவு தனியாக ஒரு முறை விசாரியுங்கள். தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் உங்கள் மகன் காது குத்திக்கொள்ளப் போகிறான். அவருக்கு அன்று காய்ச்சல் என்றால் வேறு முகூர்த்தம் பாருங்கள்.